சொன்னேன் தம்பி... கேட்கத்தான் ஆளில்லை!

(மூன்றாமாண்டு, இயந்திரவியல் துறை)



இன்பிளான்ட் டிரெயினிங் என்றதும் நமக்கெல்லாம் என்ன ஞாபகம் வரும்? கேண்டீன் சாப்பாடு, கடைசி நாளில் ஒரு கையெழுத்துக்காக அலைந்த அலைச்சல், சீனியரின் ரிப்போர்ட்டைப் பார்த்து நாம் எழுதிய ரிப்போர்ட்! எனக்கும் இந்த மூன்றும் உண்டு. ஆனால் நான்காவதாக ஒரு விஷயம் மனதில் தைத்து நிற்கிறது. அதைச் சொல்லத்தான் மலர்க்குழு நண்பர்களிடம் கெஞ்சி இந்தப் பக்கங்களை வாங்கினேன்.

கோவைப் பக்கம் ஒரு பம்ப் தொழிற்சாலை. பெயர் வேண்டாம். என்னை டிரில்லிங் செக்ஷனில் ஒரு பெரியவரிடம் ஒப்படைத்தார்கள். முப்பது வருட சர்வீஸ். பம்ப் கேசிங்கின் பிளாஞ்சில் ஜிக் வைத்து நான்கு துளை போடுவதுதான் அவர் வேலை. இரண்டாம் நாள் காலை, வேலை ஓடிக்கொண்டிருக்கும்போதே மெஷினை நிறுத்திவிட்டார். "ஜிக் புஷ் தேஞ்சிருச்சு தம்பி. டிரில் உள்ள ஆடுது. கையில தெரியுது பாரு" என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மண்டையை மட்டும் ஆட்டினேன்.

சூப்பர்வைசர் வந்தார். நம்மைப் போல டிப்ளமோ முடித்தவர். வயது இருபத்தைந்துக்குள்தான் இருக்கும். பெரியவர் விஷயத்தைச் சொன்னார். "அண்ணா, டார்கெட் பாருங்ணா. புஷ்ஷை நான் பாத்துக்கறேன், நீங்க ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். பெரியவர் மெஷினைப் போட்டார். அதற்குப் பிறகு அன்றைக்கு முழுக்க அவர் வாயே திறக்கவில்லை.

மூன்றாம் நாள் மாலை அசெம்ப்ளியிலிருந்து சத்தம். போல்ட் உள்ளே போகவில்லை. எண்ணிப் பார்த்தால் 340 கேசிங். பாதியை ரவுண்ட் பைல் போட்டு ராவித் தேற்றினார்கள், மீதி ஸ்கிராப். மேனேஜர் இறங்கி வந்து எல்லோர் முன்னாலும் பெரியவரைப் பார்த்துக் கேட்டார்: "முப்பது வருஷ சர்வீஸ்ல இதுகூடத் தெரியாதா?" பெரியவர் பதில் சொல்லவில்லை. சூப்பர்வைசரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை என்பதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

டீ டைமில் தயங்கித் தயங்கிக் கேட்டேன்: "ஏனுங்க, இன்னொரு தடவை சொல்லியிருக்கலாமே?" அதற்கு அவர் சொன்னதுதான் இந்தக் கட்டுரையின் தலைப்பில் பாதி. "சொன்னேன் தம்பி. கேக்கோணுமில்ல? ரெண்டாவது வாட்டி எதுக்குச் சொல்லோணும்?"

அடுத்த வாரம் நடந்ததுதான் வேடிக்கை! தொழிலாளர்களுக்கு "ஈடுபாடு குறைந்துவிட்டது" என்று நிர்வாகம் முடிவு கட்டி, வெளியிலிருந்து ஒருவரை அழைத்து வந்து "மோட்டிவேஷன்" வகுப்பு வைத்தார்கள். இரண்டு மணி நேரம், நடுவில் வடை, காபி. பெரியவரும் கடைசி வரிசையில் உட்கார்ந்து கை தட்டினார். அவரிடம் என்ன குறை இருந்தது? சம்பளத்துக்கு மட்டும் வேலை செய்கிறவர் என்றால் ஓடுகிற மெஷினை நிறுத்தியிருப்பாரா? ஈடுபாடு அவரிடம் முதல் நாளே இருந்தது. அதை இரண்டாம் நாள் காலை ஒரே வாக்கியத்தில் அணைத்துவிட்டு, அடுத்த வாரம் வடை கொடுத்துப் பற்ற வைக்கப் பார்த்தார்கள்.

நம் பாடப் புத்தகத்திலும் இந்த விஷயங்கள் இருக்கின்றன. மாஸ்லோவின் முக்கோணத்தை வரையாமல் யாரும் பாஸ் பண்ணியதில்லை. ஹாதார்ன் ஆய்வும் இரண்டு மார்க் கேள்விதான். சிகாகோ அருகே, தொலைபேசிக் கருவிகள் செய்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியின் ஹாதார்ன் ஆலையில் 1924இல் ஆரம்பித்து 1932 வரை நடந்தது. விளக்கு வெளிச்சத்தைக் கூட்டினாலும் உற்பத்தி கூடியது, குறைத்தாலும் கூடியது என்று எழுதினால் இரண்டு மார்க் கிடைத்துவிடும். (அந்த வெளிச்சக் கணக்கைப் பிற்கால ஆய்வாளர்கள் பலர் கேள்வி கேட்டிருக்கிறார்கள். அதை எழுதினால் மார்க் கிடைக்குமா என்பது திருத்துகிறவர் மனசைப் பொறுத்தது!)

ஆனால் அதே ஆலையில் நடந்த இன்னொரு வேலையை நாம் தாண்டிப் போய்விடுகிறோம். 1928 முதல் இரண்டு வருடங்களுக்குள் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களை ஒருவர் ஒருவராக உட்கார வைத்துப் பேட்டி எடுத்தார்கள். முதலில் கேள்வித்தாள் போல வரிசையாகக் கேட்டார்கள். சரிப்படவில்லை. கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு அவரவர் மனதில் இருந்த வேறு விஷயத்துக்குத் தாவினார்கள். பிறகு முறையை மாற்றி, அவர்கள் எதைப் பேச நினைக்கிறார்களோ அதைப் பேச விட்டு, குறுக்கிடாமல் கேட்டார்கள். மேலே இருப்பவன் பேசுவதும் கீழே இருப்பவன் கேட்பதும்தான் தகவல் தொடர்பு என்ற நினைப்பு அங்கேயே அடிபட்டுப் போனது. நூறு வருடம் ஆகப் போகிறது. நம் ஊரில் இன்னும் நோட்டீஸ் போர்டில் ஆங்கிலத்தில் சர்க்குலர் ஒட்டுவதைத்தான் "கம்யூனிகேஷன்" என்கிறார்கள்.

இதை மாற்ற முடியுமா, ஆள் சரியில்லை என்றால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவில் நடந்த கதை ஒன்று இருக்கிறது. கலிபோர்னியாவில் பிரீமான்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிக்கு ஒரு கார் ஆலை. அந்தக் கம்பெனியிலேயே மோசமான ஆலை என்று பெயர் வாங்கியது. ஐந்து பேரில் ஒருவர் வேலைக்கு வரமாட்டார். சில நாள் காலையில் லைனை ஓட்டவே ஆள் போதாது. வேலை நேரத்தில் குடி, திடீர் வேலை நிறுத்தம், வழக்குக் கட்டுகள். 1982இல் இழுத்து மூடிவிட்டார்கள்.

1984இல் ஜப்பானின் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து அதே ஆலையைத் திறந்தன. "நூமி" என்று பெயர். எடுத்த ஆட்களில் மிகப் பெரும்பாலோர் யார்? அதே பழைய ஆட்கள்! அதே தொழிற்சங்கம்! ஆனால் நூற்றுக்கணக்கானவர்களை ஜப்பானுக்கு அனுப்பி டொயோட்டா ஆலையில் பயிற்சி கொடுத்தார்கள். லைன் நெடுக ஒரு கயிறு கட்டினார்கள். வேலையில் கோளாறு தெரிந்தால் எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். இழுத்ததும் இசை ஒலிக்கும், போர்டில் அந்த இடத்துக்கான விளக்கு எரியும், டீம் லீடர் ஓடி வருவார். கார் அந்த ஸ்டேஷனின் எல்லையைத் தாண்டுவதற்குள் கோளாறு சரியானால் லைன் நிற்காது. ஆகாவிட்டால் நிற்கும். வருகிறவர் "யார் நிறுத்தியது?" என்று கேட்க மாட்டார், "என்ன கோளாறு?" என்றுதான் கேட்பார்.

வேலைக்கு வராதவர்கள் கணக்கு நூற்றுக்கு இரண்டு மூன்று என்று இறங்கியது. கார்களின் தரம் ஜப்பானில் செய்ததற்குக் கிட்டத்தட்ட இணையாக வந்தது. 1988இல் விற்பனை சரிந்தபோது யாரையும் வீட்டுக்கு அனுப்பாமல் பயிற்சியிலும் மற்ற வேலைகளிலும் போட்டார்கள். கொடுத்த வாக்கு அப்படி. என்னைக் கேட்டால் கயிற்றை விட இது பெரிது. நாளைக்கு வேலை இருக்குமா என்று பயப்படுகிறவன் கயிற்றில் கை வைப்பானா?

இதைப் பார்த்த ஜெனரல் மோட்டார்ஸ், அதே கலிபோர்னியாவில் வான் நைஸ் என்ற ஊரில் இருந்த தன் இன்னொரு ஆலையிலும் கயிறு கட்டியது. கயிறு அதேதான். இழுத்தால் மேனேஜர் வந்து திட்டினார்! லைன் நிற்காமல் ஓடினால்தான் அவருக்குப் பெயர். அப்புறம் யார் இழுப்பார்கள்? அந்த ஆலை 1992இல் மூடப்பட்டது. (பிரீமான்ட் ஆலையும் 2010இல் மூடப்பட்டு டெஸ்லாவின் கைக்குப் போனது. அதற்குக் காரணம் வேறு; ஜெனரல் மோட்டார்ஸ் திவாலாகிக் கூட்டை விட்டு விலகியது.)

நம் நாட்டிலும் மாருதி இருக்கிறது. பழைய தஞ்சாவூர் மாவட்டத்தில் பிறந்த வி. கிருஷ்ணமூர்த்தி முன்னின்று தொடங்கி நடத்திய கம்பெனி. 1983 டிசம்பரில் முதல் கார் வெளிவந்தபோது அங்கே தலைவர் முதல் தொழிலாளி வரை ஒரே யூனிபார்ம், ஒரே கேண்டீன். ஆபீசருக்குத் தனித் தட்டு, தனி டைனிங் ஹால் என்று பழகிய நம் நாட்டில் அது பெரிய விஷயம். ஆனால் அதே கம்பெனியின் மானேசர் ஆலையில் 2011இல் தனிச் சங்கத்துக்கு அங்கீகாரம் கேட்டு வேலை நிறுத்தம், ஒப்பந்தத் தொழிலாளர் பிரச்சினை என்று மூண்டு, 2012 ஜூலை 18 அன்று கலவரமாகி மனிதவள அதிகாரி ஒருவர் உயிரையே இழந்தார். எந்தக் காரணத்தாலும் நியாயப்படுத்த முடியாத கொடுமை அது. ஒரே நிறச் சட்டை போட்டுக்கொண்டு ஒரே கேண்டீனில் பக்கத்துப் பக்கத்தில் சாப்பிட்டாலும், பேச வேண்டியதைப் பேச வழியில்லாமல் போக முடியும் என்பதற்கு இதைவிடக் கசப்பான சாட்சி வேண்டாம்.

சரி, இதெல்லாம் மேனேஜர்கள் படிக்க வேண்டிய கட்டுரையாயிற்றே, டிப்ளமோ படிக்கிற நமக்கு எதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்! மேலே இன்ஜினியர், கீழே ஆபரேட்டர். நடுவில் நிற்கப் போவது யார்? நாம்தான். மேனேஜர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஜிக் புஷ் தேய்ந்த செய்தி அவர் மேஜைக்கு நம் வழியாகத்தான் போக வேண்டும். அந்த சூப்பர்வைசர் கெட்டவர் அல்ல. மூன்று மெஷினுக்கு ஆள் வரவில்லை, டார்கெட் தலைக்கு மேல். மெஷினை நிறுத்தினால் மேலே திட்டு விழும் என்ற பயம். அவர் சொன்னதும் யாரும் கேட்கவில்லையோ என்னவோ! ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்டோரில் புஷ் இருந்தால் மாற்ற இருபது நிமிடம். மாற்றாததால் இரண்டு நாள் உற்பத்தி. மேனேஜர் கேட்டிருக்க வேண்டியது, "புஷ் தேய்ந்தது யாருக்கு முதலில் தெரிந்தது? அங்கிருந்து ஏன் மேலே வரவில்லை?" என்ற கேள்வியை. எல்லோர் முன்னாலும் மானத்தை வாங்கும் கேள்வியைக் கேட்டதால், அடுத்த தடவை அந்த செக்ஷனில் யார் வாயைத் திறப்பார்கள்?

பெரிய திட்டமெல்லாம் தேவையில்லை என்பது என் கட்சி. ஒருவர் ஒரு குறையைச் சொன்னால் அன்றைய ஷிப்ட் முடிவதற்குள் பதில். "முடியாது" என்பதுகூட பதில்தான், காரணத்தோடு சொன்னால். ஷிப்ட் மாறும்போது லாக் புக்கில் எழுதினால் அடுத்த ஷிப்ட்காரர் அதைப் படித்தேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். எழுத வராதவர் சொல்வதை சூப்பர்வைசர் அவர் பெயரிலேயே எழுத வேண்டும். பேர் நமக்கு, ஐடியா அவருக்கு என்ற வேலை கூடாது. திட்டுவது தனியாக, பாராட்டுவது நாலு பேர் முன்னால். நாம் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். அப்பா வயதுள்ளவரை "அண்ணா", "ஐயா" என்று கூப்பிட்டால் அதிகாரம் குறைந்துவிடாது. ஆனால் மரியாதை வாயோடு நிற்கக் கூடாது. எங்கள் சூப்பர்வைசரும் "அண்ணா" என்றுதான் கூப்பிட்டார்!

ஆலோசனைப் பெட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் போன இடத்திலும் சுவரில் அழகாக மாட்டியிருந்தது. சாவி யாரிடம் என்று மூன்று பேரைக் கேட்டேன், மூன்று பேரும் அடுத்தவரைக் காட்டினார்கள். இப்போது பெட்டிக்குப் பதில் வாட்ஸ்அப் குரூப். இரவு பத்து மணிக்கு ஆர்டர் வரும், கீழே நாற்பது "ஓகே சார்", நாற்பது கட்டைவிரல். "சார், இது நடக்காது" என்று ஒரு செய்திகூட வராது. வராமல் இருப்பதைப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று மேனேஜர் தூங்கப் போகிறார். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தோழர்கள் அந்தக் குரூப்பில்கூட இல்லை. அவர்களுக்குத் தேய்ந்த புஷ் தெரிந்தாலும் எந்த மொழியில் யாரிடம் சொல்வார்கள்? பக்கத்து மெஷின்காரரின் மொழியில் பத்து வார்த்தை கற்றுக்கொள்ள நமக்கு ஒரு மாதம் ஆகுமா?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அன்பாகப் பேசி, காது கொடுத்துக் கேட்டு, ஓவர்டைம் பணத்தை மட்டும் நிறுத்தி வைத்தால் அதற்குப் பெயர் தகவல் தொடர்பு அல்ல, ஏமாற்று. சம்பளத்துக்குப் பதிலாக மோட்டிவேஷன் கொடுக்க முடியாது. சம்பளம் கொடுத்த பிறகுதான் இந்தக் கட்டுரையே ஆரம்பம்.

வருகிற கேம்பஸ் இன்டர்வியூவில் கடைசியில் வழக்கமாக ஒன்று கேட்பார்கள்: "எனி கொஸ்டின்ஸ்?" நாமும் வழக்கமாக "நோ சார்" என்று சிரித்துவிட்டு எழுந்துவிடுவோம். இந்தத் தடவை நான் ஒன்று கேட்பதாக இருக்கிறேன்: "உங்க கம்பெனியில ஒரு ஆபரேட்டர் தானா மெஷினை நிறுத்தினா, அடுத்த அஞ்சு நிமிஷத்துல என்ன நடக்கும் சார்?" வேலை கிடைத்ததா இல்லையா என்பதை ஜூனியர்கள் ஹாஸ்டலில் வந்து கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.