டாக்டரைச் சோதிப்பது யார்?

இங்கிலாந்தில், மான்செஸ்டர் நகரத்துக்குப் பக்கத்தில் ஹைட் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே ஹெரால்டு ஷிப்மன் என்ற டாக்டர் இருந்தார். ஊரில் அவருக்கு நல்ல பெயர். கூப்பிட்டால் வீட்டுக்கே வருவார். வயதான பெண்களிடம் பொறுமையாகப் பேசுவார். "எங்கள் டாக்டரைப் போல் உண்டா?" என்று ஜனங்கள் பெருமைப்பட்டார்கள்.

அவர் ஒரு கொலைகாரர்!

15 பெண்களை விஷ ஊசி போட்டுக் கொன்றதாக 2000-ம் ஆண்டு ஜனவரி மாதம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. ஆயுள் தண்டனை விதித்தது. பிறகு நடந்த அரசாங்க விசாரணையில், கொல்லப்பட்டவர்கள் 215 பேர் என்று 2002-ம் ஆண்டில் தெரிந்தது.

முன்பே யாருக்கும் சந்தேகம் வரவில்லையா? வந்தது. பிணங்களை எடுத்து அடக்கம் செய்கிறவர்களுக்கு வந்தது. பக்கத்தில் இருந்த ஒரு பெண் டாக்டருக்கு வந்தது. 1998 மார்ச்சில் அவர் புகார் செய்தார். போலீசார் விசாரித்தார்கள். நோயாளிகளின் ஏடுகளைப் பார்த்தபோது குறை எதுவும் தெரியவில்லை. தெரியாதபடி ஷிப்மனே எழுதி வைத்திருந்தார்! போதை மருந்துக்காகக் கள்ளச்சீட்டு எழுதி 1976-ம் ஆண்டில் அவர் தண்டனை பெற்றவர். அதையும் யாரும் தேடிப் பார்க்கவில்லை. விசாரணை கைவிடப்பட்ட பிறகு மேலும் 3 பேர் செத்தார்கள்.

இப்படிப்பட்ட டாக்டர் ஆயிரத்தில் ஒருவர்கூட இல்லை. ஆனாலும் நல்ல டாக்டரின் இடத்தையும் சோதிக்கத்தான் வேண்டும்.

அந்த நாட்டில் ஊர் டாக்டரின் வைத்தியசாலைக்கு "சர்ஜரி" என்று பெயர். (கத்தி வைக்கும் இடம் என்று நினைத்துவிடாதீர்கள். காய்ச்சலுக்கும் இருமலுக்கும் போகிற இடம்தான்.) 2013-ம் ஆண்டு ஏப்ரல் முதல் இவை ஒரு தரக் கமிஷனின் கண்காணிப்பில் இருக்கின்றன.

சோதிக்க வருகிறவர்கள் என்ன பார்க்கிறார்கள்? தடுப்பு மருந்து வைத்திருக்கும் குளிர்ப்பெட்டியைத் திறக்கிறார்கள். 2 டிகிரி முதல் 8 டிகிரி வரை குளிர் இருக்க வேண்டும். தினமும் குறித்து வைத்திருக்கிறார்களா? இல்லை என்றால் அந்த மருந்தை நம்பிக் குழந்தைக்கு எப்படி ஊசி போடுவது? மூட்டு வலிக்கு "மெதோட்ரெக்சேட்" என்று ஒரு மாத்திரை உண்டு. வாரத்துக்கு ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தவறித் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. அதைச் சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தப் பரிசோதனை தவறாமல் நடக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். நோயாளிகளையும் விசாரிக்கிறார்கள்.

பிறகு மிகச் சிறப்பு, நன்று, முன்னேற வேண்டும், மோசம் என்ற நான்கில் ஒன்றைத் தருகிறார்கள். அதை வைத்தியசாலையில் எல்லோரும் பார்க்கும்படி மாட்டி வைக்க வேண்டும். நல்ல ஏற்பாடு!

ஆனால் சோதிப்பவர்களை யார் சோதிப்பது? 2024-ம் ஆண்டில் அந்தக் கமிஷனையே சோதித்தார்கள். வெட்கக்கேடான சங்கதிகள் வெளிவந்தன. அது சோதிக்க வேண்டிய இடங்களில் சுமார் ஐந்தில் ஒன்றுக்கு ஒரு தடவைகூட மதிப்புத் தரப்படவில்லை. ஆஸ்பத்திரிக்குள்ளேயே போயிராத சிலர் ஆஸ்பத்திரியைச் சோதிக்கப் போனார்களாம்!

இன்னொன்று. கோர்ட்டுக்குப் போகாத மரணங்களை, வைத்தியம் பார்த்த டாக்டர் அல்லாத வேறு ஒரு டாக்டர் சரிபார்க்க வேண்டும் என்ற சட்டம் 2024 செப்டம்பரில்தான் அங்கே நடைமுறைக்கு வந்தது. ஷிப்மன் தீர்ப்புக்கு 24 ஆண்டு கழித்து! பணக்கார நாட்டிலேயே இந்தத் தாமதம் என்றால் என்ன சொல்வது?

ஏட்டை மட்டும் புரட்டிவிட்டுப் போகும் சோதனை போதாது. சொல்லாமல் வந்து பார்க்க வேண்டும். வரிசையில் காத்திருக்கும் கிழவியிடம் கேட்க வேண்டும். புகார் சொல்ல வரும் நர்சை மிரட்டாமல் உட்கார வைத்துக் கேட்க வேண்டும்.

அங்கே வசிக்கும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. சுவரில் "நன்று" என்று மாட்டியிருந்தால், அதன் பக்கத்தில் தேதியும் இருக்கும். எந்த ஆண்டுத் தேதி என்று பாருங்கள்.