சிறையா, சிகிச்சையா?

வாளையாறு, குமுளி, போடிமெட்டு வழியாகக் கஞ்சா கடத்துவோரையும் அப்பழக்கத்துக்கு அடிமையானோரையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது. சிறிதளவு போதைப் பொருள் வழக்கில் தண்டனைக்குரியவராகும் அடிமையை, அவர் இசைவுடன் பிணைப்பத்திரம் பெற்று, சிறைக்குப் பதிலாகச் சிகிச்சைக்கு அனுப்ப 1985-ஆம் ஆண்டு போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் 39-ஆவது பிரிவு நீதிமன்றங்களுக்கு அதிகாரம் அளித்துள்ளது.

இதற்குப் பலன் உண்டா? நீதிபதியின் கண்காணிப்பில் சிகிச்சை அளிக்கும் போதைப் பொருள் நீதிமன்றம் அமெரிக்காவின் மயாமியில் 1989-இல் தொடங்கியது. அத்தகைய நீதிமன்றங்களைப் பற்றிய மதிப்பீடுகளைத் தொகுத்து 2012-இல் வெளியான ஆய்வு, வயது வந்தோரிடையே மீண்டும் குற்றம் புரிவோர் 50 விழுக்காட்டிலிருந்து 38 ஆகக் குறைவர் எனக் கணித்தது. சிறாரிடம் பலன் குறைவே.

குற்றவாளியைத் திருத்துவதே தண்டனையின் நோக்கம் என வலியுறுத்திய நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் பிறந்த மண் பாலக்காடு. அங்கும் இடுக்கியிலும் எல்லைப்பகுதி நீதிமன்றங்களுக்கு மருத்துவரும் நன்னடத்தை அலுவலரும் சிகிச்சைப் படுக்கையும் உறுதி செய்யப்பட வேண்டும். இல்லையேல் சட்டப்பிரிவு ஏட்டுச் சுரைக்காயே!