குலுக்கலில் விழாத பெயர்கள்

பொருளியல் துறை நண்பர் ஒருவரோடு தேநீர் வேளையில் நேர்ந்த வாக்குவாதமே இக்கட்டுரைக்குக் காரணம். நியூயார்க் மாநகராட்சி ஆண்டுதோறும் நடத்திவரும் கோடைகால இளைஞர் வேலைத்திட்டம் குறித்த ஆய்வொன்றை அவர் படித்திருந்தார். "ஆறு வாரம் வேலை கொடுக்கிறார்கள். அதன்பின் அந்தப் பிள்ளைகளின் வருமானம் உயரவும் இல்லை, கல்லூரியில் சேர்வோர் தொகை கூடவும் இல்லை. வரிப்பணம் விரயம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?" என்றார். அதே ஆய்வு மூன்றாவதாக ஒரு முடிவையும் சொல்கிறதே என்று கேட்டேன். "அது வேறு விஷயம்" என்று கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். அவர் ஒதுக்கிவைத்த அந்த வேறு விஷயம், உயிர்.

திட்டத்தை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1963-இல் தொடங்கப்பட்டது அது. 14 முதல் 24 வயது வரையிலான நகரத்துப் பிள்ளைகள் விண்ணப்பிக்கலாம். பள்ளி விடுமுறையில், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில், ஏறக்குறைய ஆறு வாரம் வேலை. குழந்தைகளுக்கான கோடை முகாம், நூலகம், மருத்துவமனை, பூங்கா, அலுவலகம், கடை என்று எங்கு வேண்டுமானாலும் அனுப்பப்படுவார்கள். மூத்த பிள்ளைகளுக்குச் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியை மாநகராட்சியே தருகிறது. கேட்போர் தொகை எப்போதும் இடங்களை விட அதிகம். 2019-இல் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள்; அவர்களில் பாதிப்பேருக்கே வேலை கிடைத்தது. யாருக்குக் கிடைக்கும் என்பதைப் பெரும்பாலும் கணினிக் குலுக்கல்தான் முடிவு செய்கிறது.

இந்தக் குலுக்கலை வைத்துத்தான் அலெக்சாண்டர் கெல்பர், ஆடம் ஐசன், ஜட் கெஸ்லர் ஆகிய மூன்று பொருளியலாளர்கள் தம் ஆய்வை நிகழ்த்தி 2016-இல் வெளியிட்டார்கள். 2005 முதல் 2008 வரை விண்ணப்பித்த ஏறத்தாழ 2.9 லட்சம் பேரின் பிற்கால வாழ்வை அரசு ஆவணங்களின் வழியே அவர்கள் தொடர்ந்தார்கள். குலுக்கலில் பெயர் விழுந்தவர் ஒருபுறம், விழாதவர் மறுபுறம். அவ்வாண்டு வேலை பெற்றவர்களின் கையில் கூடுதல் பணம் சேர்ந்தது. இத்திட்டம் இல்லாவிட்டாலும் அவர்கள் வேறெங்காவது சம்பாதித்திருப்பார்கள் என்ற வாதம் சிறிதளவே உண்மையானது. அடுத்த மூன்றாண்டு வருமானம் உயரவில்லை, சற்றுக் குறையவும் செய்தது. கல்லூரிச் சேர்க்கையில் மாற்றமில்லை. இதுவரை நண்பர் சொன்னது சரி. ஆனால் வேலை பெற்றவர்களில் சிறைக்குச் சென்றோர் குறைவு. இறந்தோரும் குறைவு, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இளம் வயதில் இறப்பு அரிது என்பதால் விழுக்காட்டில் இது சிறிய எண்ணாகத் தெரியலாம். இலட்சக்கணக்கானோரிடையே அது பல பத்து உயிர்கள்.

சிகாகோவிலிருந்து வந்த சான்றும் இதற்கு அணி சேர்க்கிறது. 2012 கோடையில், வன்முறை மிகுந்த பகுதிகளின் 13 பள்ளிகளைச் சேர்ந்த 1,634 மாணவர்களைக் கொண்டு சாரா ஹெல்லர் செய்த ஆய்வு 2014-இல் வெளியானது. எட்டு வாரப் பகுதிநேர வேலைக்குத் தேர்வானவர்கள் அடுத்த 16 மாதங்களில் வன்குற்றங்களுக்காகக் கைதானது 43 விழுக்காடு குறைந்திருந்தது. அக்குறைவின் பெரும்பகுதி வேலை முடிந்த பிறகே தென்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். வேலை நேரத்தில் பிள்ளைகளைத் தெருவிலிருந்து அகற்றி வைத்ததால் மட்டுமே விளைந்த பயன் அது என்று கருத இடமில்லை.

இந்த எண்கள் நமக்கு எவ்வாறு கிடைத்தன என்று எண்ணிப் பார்த்தோமா? வேலை கேட்டுப் பெறாதவர்கள் இருந்ததால் கிடைத்தன. ஆய்வுமொழியில் அவர்களுக்கு ஒப்பீட்டுக் குழு என்று பெயர். நியூயார்க்கில் ஆய்வாளர்கள் அக்குழுவை உருவாக்கவில்லை. பணப் பற்றாக்குறை உருவாக்கியதை அவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். அவர்கள்மேல் எனக்குக் குறையில்லை. என் குறை, முடிவைப் படித்த பின்னும் அடுத்த கோடையில் அதே குலுக்கலை நடத்தும் நகரத்தின் மேல். பெயர் விழுவதும் விழாததும் சிலருக்கேனும் வாழ்வா சாவா என்றாகிறது என்று தெரியாதபோது குலுக்குவது அறியாமை. தெரிந்த பின் குலுக்குவதற்கு என்ன பெயர்?

சிபாரிசுக்குக் குலுக்கல் மேலல்லவா என்று கேட்பார்கள். மேல்தான்; அதில் ஐயமில்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் கூறப்படும் குடவோலை முறையை வகுப்பறைகளில் நாம் பெருமையோடு பாடம் நடத்துகிறோம். ஆனால் அங்கே குடத்தில் இடப்பட்ட ஓலைகளில் இருந்தவை, ஊர்ப்பொறுப்பை ஏற்கத் தகுதி பெற்றோரின் பெயர்கள். ஓலை வாராதவன் அன்று பொறுப்பின்றி வீடு திரும்பினான், அவ்வளவே. வாரியப் பொறுப்பைக் குலுக்கலில் அளிக்கலாம். பசித்தவர் வரிசையில் நிற்கும்போது சோற்றைக் குலுக்கலில் அளிப்பதை நீதி என்று சொல்ல நா கூசவேண்டும்.

திட்டத்தின் ஆதரவாளர்களோடும் எனக்கு ஒரு பிணக்கு உண்டு. குற்றம் குறையும், சிறைச் செலவு மிச்சமாகும் என்றே அவர்கள் எப்போதும் வாதாடுகிறார்கள். இதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1967-இல் நூவர்க்கிலும் டெட்ராய்ட்டிலும் கறுப்பினத்தவர் பகுதிகள் பற்றி எரிந்ததன் பின், கோடைக்கால வேலைக்கான நிதி அந்நாட்டில் பெரிதும் அச்சத்தின் கணக்கில்தான் எழுதப்பட்டது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குத் தந்தையின் நண்பரது அலுவலகத்தில் விடுமுறை வேலை கிடைக்கிறது. அவன் அதனால் கொலை செய்யாமல் இருந்தானா என்று எவரும் ஆராய்வதில்லை. ஏழைப் பிள்ளை மட்டும் தன் முதற்சம்பளத்துக்கு முன்பாகத் தான் குற்றவாளி ஆகப்போவதில்லை என்று உறுதிமொழி தரவேண்டுமா? உயிர்க்கணக்கை நானே மேலே எடுத்துரைத்தேன். அதை எடுத்துரைக்க நேர்ந்ததே நம் காலத்தின் இழிவு.

கடைகளும் உணவகங்களும் வேலை தரட்டுமே, நகராட்சிக்கு இதில் என்ன வேலை என்பது மற்றொரு வாதம். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் 16 முதல் 19 வயது வரையிலானோரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வேலையில் இருந்தார்கள் அல்லது வேலை தேடினார்கள். 2010-க்குப் பின் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. படிப்பில் கூடுதல் காலம் செலவிடுவதும் இதற்கு ஒரு காரணம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஒன்றரை லட்சம் பேர் ஒரே நகரில் வேலை கேட்டு எழுதியிருக்கிறார்களே, அவர்களைப் படிப்பில் மூழ்கி வேலையை மறந்தவர்கள் என்று சொல்ல முடியுமா?

எல்லோருக்கும் தருவது இயலாது என்போர் வாஷிங்டன் நகரைப் பார்க்கவேண்டும். 1979-இல் மேயரான மரியன் பாரி, கேட்கும் ஒவ்வோர் இளைஞருக்கும் கோடையில் வேலை உண்டு என்று அறிவித்தார். அவர் அப்பழுக்கற்றவர் அல்லர். 1990-இல் போதைப்பொருள் வழக்கில் தண்டனை பெற்றவர். ஆயினும் 2014-இல் அவர் மறைந்தபோது நடுவயதைத் தாண்டிய எத்தனையோ பேர், தம் முதல் வேலை அவர் தந்தது என்றே நினைவுகூர்ந்தார்கள். அத்திட்டம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அங்கே குளறுபடிகள் நடந்ததுண்டு. 2008-இல் செலவு வரம்பு மீறியது; ஊதியப் பட்டியல்களில் பிழைகள் மலிந்தன. பட்டியலைத் திருத்துவதுதான் அதற்குப் பரிகாரம். கணக்கன் பிழைத்தான் என்பதற்காகக் கூலியாளை வெளியே நிறுத்துவார் உண்டோ?

இறுதியாகப் பணம். கோடை வேலைக்கென மத்திய அரசு தனியே ஒதுக்கிவந்த நிதியை 1998-இன் சட்டம் முடிவுக்குக் கொண்டுவந்தது. சுமை நகரங்களின் தலையில் விழுந்தது. 2009-இல் பொருளாதாரம் சரிந்தபோது இளைஞர் வேலைக்கு 120 கோடி டாலர் எங்கிருந்தோ வந்தது. 2020 ஏப்ரலில் பெருந்தொற்றைக் காட்டி நியூயார்க் அவ்வாண்டுத் திட்டத்தை முற்றிலும் ரத்து செய்தது. பிள்ளைகளும் அவர்களுக்காக உழைப்போரும் போராடிய பின், 35,000 பேருக்கு மாற்றுத்திட்டம் ஒன்று உருவானது. 2022-இல் இடங்கள் 1 லட்சமாக உயர்த்தப்பட்டன. இல்லை என்ற பணம் இரண்டே ஆண்டில் இருக்கிறது என்றானது. இருந்தும் குலுக்கல் நிற்கவில்லை.

ஆறு வாரக் கூலி ஒருவனின் ஆயுட்கால வருமானத்தை உயர்த்தவில்லை என்று நண்பர் குறைபட்டுக்கொள்கிறார். வீட்டு வாடகையில் ஒரு பங்கு, தங்கைக்குப் பள்ளிக்கூடக் காலணி, தன் பெயர் எழுதிய முதல் சம்பளச் சீட்டு: கூலி செய்யவேண்டியதை அந்தக் கோடையிலேயே செய்துவிட்டது. நம் சம்பளத்தை எவரும் இப்படி அளந்து பார்ப்பதில்லை. அடுத்த தேநீர் வேளையில் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்கவிருக்கிறேன். அந்த 2.9 லட்சம் பெயர்களில் தம் மகனின் பெயரும் இருந்திருந்தால், எந்தப் பட்டியலில் அதை முதலில் தேடியிருப்பார்?