ஊசி சென்ட்ரலில், பயிற்சி ஆவடியில்

போரூர் ராமச்சந்திரா, வேலப்பன்சாவடி ஏ.சி.எஸ்., தண்டலம் சவீதா என்று சென்னையின் மேற்குப் பக்கத்தில் பிசியோதெரபி கற்றுத்தரும் இடங்களுக்குக் குறைவில்லை. அம்பத்தூரிலும் ஆவடியிலும் சிகிச்சை மையங்களும் நிறைய உண்டு. ஆனால், ரத்தம் சரியாக உறையாத ஹீமோபிலியா நோய் உள்ள ஓர் இளைஞர் போய் முழங்கால் நீட்ட வரவில்லை என்றால், 'எதற்கும் பெரிய ஆஸ்பத்திரியிலேயே காட்டிடுங்க' என்ற பதில் கிடைக்கவே வாய்ப்பு அதிகம்.

அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஹீமோபிலியா 'ஏ' ஏறக்குறைய 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்குத்தான் வருகிறது. அப்படி ஒரு நோயாளியைத் தொட்டுப் பார்க்காமலே பட்டம் வாங்கிவிடலாம். பழகிய கையும் இங்கே கைகொடுக்காது. எலும்பு முறிவுக்குப் பின் விறைத்த மூட்டுக்குச் சூடு வைத்து மெல்ல மடக்கிவிடுவார்கள். ரத்தம் கசிந்துகொண்டிருக்கும் மூட்டில் அதுவே கேடு. இடுப்புக்குள் ஆழமாக இருக்கும் தசையில் கசிந்தால் தொடையை நீட்ட முடியாது. சாதாரணப் பிடிப்பு என்று நினைத்து இழுத்தால் கசிவு கூடி, தொடை நரம்பு அழுந்தி, கால் மரத்துப்போகலாம்.

அதற்காகத் திருப்பி அனுப்பினால் ஆபத்து தீர்ந்துவிடுமா? அசைக்காத காலில் தசை சூம்பும். தசை சூம்பிய மூட்டில் மறுபடி கசியும். வீட்டில் சும்மா இருப்பார்கள் என்றும் சொல்ல முடியாது. அடுத்த தேர்வு புத்தூர் கட்டும் எண்ணெய் நீவலும்தான். உலக ஹீமோபிலியா கூட்டமைப்பின் 2020 வழிகாட்டி நெறிகள் உடற்பயிற்சியை ஊக்குவிக்கின்றன. அவற்றின் முதன்மை ஆசிரியர் வேலூர் சி.எம்.சி.யின் அலோக் ஸ்ரீவாஸ்தவா. நீச்சலும் நடையும் நல்லது, கபடி மாதிரி மோதும் ஆட்டம் வேண்டாம் என்பதே பொதுவான அறிவுரை.

உண்மையான சிக்கல் கடிகாரத்தில் இருக்கிறது. ரத்தம் உறைய உடம்பில் ஊசி வழியே ஏற்றிய ஃபேக்டர் 8, சுமார் 12 மணி நேரத்தில் பாதியாகக் குறையும். அரசு மருத்துவமனையில் அது இலவசம்தான். ஆனால், மின்சார ரயிலேறி சென்ட்ரல் பக்கம் போய்க் காலையில் ஏற்றிக்கொண்டவர், மறுநாள் மாலை ஆவடியில் பயிற்சிக்கு வரும்போது எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கும். 'கடைசியா எப்போ ஃபேக்டர் போட்டீங்க?' என்று முதலில் கேட்பவரே தயாரான பிசியோதெரபிஸ்ட். பதிலில் சந்தேகம் இருந்தால் அழைக்க ஒரு ரத்தநோய் மருத்துவரின் எண்ணும் அவரிடம் இருக்க வேண்டும். விலையுயர்ந்த கருவிகளெல்லாம் அதற்கு அப்புறம். கசிவும் வலியும் அடங்கிய பிறகு, படுத்தபடியே தொடைத் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சிக்கு எந்தக் கருவி வேண்டும்?

முன்னேற்றத்தை அளந்து பார்க்கவும் செலவில்லை. சி.எம்.சி. உருவாக்கிய 'ஃபிஷ்' மதிப்பெண் முறை, சாப்பிடுவது, குளிப்பது, குந்தி உட்காருவது, படியேறுவது, ஓடுவது என எட்டு அன்றாடச் செயல்களைப் பார்க்கிறது. குந்துவதைச் சேர்த்தது நம் ஊர் வீடுகளை அறிந்தவர்களின் வேலை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்டுகள் வீட்டுக்கே போகிறார்கள். திருவள்ளூர் மாவட்டத்தில் அந்தப் பணியில் இருப்பவர்களைச் சுழற்சி முறையில் சில நாள் ஹீமோபிலியா சிகிச்சைப் பிரிவில் அமர்த்தலாம். அவர்கள் பதிவேட்டில் ஃபேக்டர் போட்ட தேதிக்கும் நேரத்துக்கும் ஒரு கட்டம் சேர்க்கலாம். வீட்டில் வைத்துப் போட்டுக்கொள்ள ஃபேக்டர் கொடுத்தனுப்பும்போது, பயிற்சி நாட்களையும் கணக்கில் எடுத்துக் கொடுக்க வேண்டும். முதல் இரண்டும் மாவட்ட அளவிலேயே முடிகிற காரியம். மூன்றாவதற்குப் பணம் வேண்டும், அது கோட்டையில் முடிவாக வேண்டியது.