ஓசை ஒப்புமை சான்றாகுமா?

பொருள் தெரியாத வினைச்சொல் ஒன்று களிமண் ஏட்டில் ஒரே ஓர் இடத்தில் வருகிறது. உடனே கிரேக்கத்திலோ இலத்தீனிலோ அதைப்போல் ஒலிக்கும் சொல்லொன்றைத் தேடிப்பிடித்து, அதன் பொருளை இதற்குச் சூட்டிவிடுவோர் உளர். பின்னர் அப்பொருளையே சான்றாக்கி ஒலிவிதி வகுக்கின்றனர். பண்டை அனத்தோலிய மொழியாராய்ச்சியைப் பற்றிய பழைய நோய் இது.

இவர்கள் காட்டும் அரண் ஹிரோஸ்னியின் வெற்றி. துருக்கியின் போகாஸ்கோய் ஏடுகளிலுள்ள இட்டைட்டு மொழி இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தது என அச்செக் அறிஞர் 1915-இல் அறிவித்தார். ‘வாதர்’ நீர் என்றும், ‘எட்சத்தேனி’ உண்பீர்கள் என்றும் அவர் கண்டது ஓசையால் அன்றோ என்பர். பாதி உண்மை! அப்பத்தைக் குறிக்கும் சுமேரியச் சொற்குறி ஒன்று அதே வாக்கியத்தில் இருந்தது. அதன் பொருள் முன்னரே தெரியும். அந்த ஆணியில்தான் மற்றவை தொங்கின.

அவ்வாக்கியத்தின் இன்னொரு வினை ‘எகுத்தேனி’. செவியை மட்டும் நம்பினால் இலத்தீனின் ‘அக்குவா’ நினைவுக்கு வரும். அதுவோ நீரைக் குறிக்கும் பெயர். இவ்வினை ‘பருகுதல்’ என நிலைபெற்றது, சடங்கு நூல்களில் கிண்ணத்தோடும் மதுவோடும் அது திரும்பத் திரும்ப வருவதால். இரு சொற்களும் உறவா என்னும் வழக்கு இன்னும் தீரவில்லை. பொருளுக்கோ ஓர் ஊறுமில்லை. பின்னாளில் இதே ஹிரோஸ்னி, பற்றுக்கோடு ஏதுமின்றிச் சிந்துவெளி எழுத்தையும் படித்துவிட்டதாகக் கூறினார். அறிஞருலகம் அதனை ஏற்கவில்லை.

ஓசையே உறுதியானதா என்பதையும் இவர்கள் எண்ணுவதில்லை. லூவிய உருவெழுத்துகளுள் உயிரொலியாகப் படிக்கப்பட்ட சில குறிகள் வேறு ஒலியுடையவை என 1970-களின் தொடக்கத்தில் மெய்ப்பிக்கப்பட்டது. பழைய வாசிப்பின்மேல் எழுப்பிய ஒப்புமைகள் அன்றே சரிந்தன. 1946-இல் கண்டறியப்பட்ட காரதெப்பே கல்வெட்டின் பினீசிய வாசகத்தால் பொருள் பெற்ற லூவியச் சொற்களோ, ஒலி மாறியும் பொருள் மாறாது நின்றன.

அரிய வினைக்கு வழியே இல்லையா? உண்டு, அது மெதுவான வழி. ஒரே நூலின் இரு படிகளை ஒப்பிட்டால், ஒன்றில் அரிய சொல் நிற்குமிடத்தில் மற்றதில் சுமேரியச் சொற்குறி நிற்பதுண்டு. அதுவும் கிட்டாதபோது என் செய்வது, வெற்றிடமாக விடுவதா என்று சினந்து கேட்பர். ஆம், விடுவதே முறை. சார்திசில் கிடைத்த லிதிய-அரமேயக் கல்வெட்டு, கல்லறையைச் சிதைப்பவனைச் சபிக்கும் வாசகத்தின் வினைகளுக்கு விளக்கம் தந்தது. அத்தகைய துணையில்லாத லிதிய வினைகள் பலவற்றுக்கு எதிரே நேர்மையான அகராதியில் இன்றும் ஒரு கேள்விக்குறியே நிற்கிறது.