பி0380 வந்தா உடனே பிளக் மாத்தணுமா?

டீசல் வண்டியில பி0380 எர்ரர் வந்தா, "நாலு க்ளோ பிளக்கையும் மாத்திடலாம் சார்"னு சொல்ற மெக்கானிக்குகள்தான் அதிகம். எனக்கு இதுல உடன்பாடு இல்லைங்க. அந்த கோட் சொல்றது சர்க்யூட்ல கோளாறுன்னு மட்டும்தான். ஃப்யூஸ், ரிலே, வயரிங், பிளக் எது வேணா போயிருக்கலாம்.

இன்ஜின் ஆறினதும் பிளக்கோட வயரைக் கழட்டிட்டு மல்டிமீட்டர்ல ஓம் பாருங்க. நல்ல பிளக்னா பெரும்பாலும் 2 ஓமுக்குள்ள காட்டும். ஓப்பன்னு காட்டினா பிளக் அவுட். பிளக் எல்லாம் சரின்னா, சாவியைத் திருப்பினதும் அந்த வயர்ல வோல்டேஜ் வருதான்னு பாருங்க. வரலைன்னா ஃப்யூஸ், ரிலே, வயரிங் பக்கம்தான் தேடணும்.

இறுகிப்போன பிளக் கழட்டும்போது ஹெட்டுக்குள்ளயே முறிஞ்சா, சின்ன ரிலே செலவு ஹெட்டைக் கழட்டற செலவாயிடும். எர்ரர் மெசேஜை மட்டும் பார்த்துட்டு கோடை மாத்தற புரோகிராமரை நாம நம்புவோமா? முதல்ல அளக்கச் சொல்லுங்க, அப்புறம் பர்ஸைத் திறங்க :-)