பழைய பிரவுசரை பென் டிரைவில் வைத்து ஓட்டுறீங்களா? ஆபத்து எங்கே இருக்கு?

விண்டோஸ் 10-ல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11-க்கு 2022 ஜூன் 15-ம் தேதி விடை கொடுத்தது மைக்ரோசாஃப்ட். ஆனால், அந்தக் காலத்து பிரவுசர்களை நம்பி உருவான சிசிடிவி டிவிஆர் பக்கங்களும், அலுவலக மென்பொருள்களும் இன்னும் ஓய்வு பெறவில்லை. புது பிரவுசரில் திறந்தால் வெறும் வெள்ளைத் திரைதான். இதற்காக பலர் கையில் எடுப்பதுதான் 'போர்ட்டபிள்' பிரவுசர்.

போர்ட்டபிள் என்றால் என்ன?

இன்ஸ்டால் செய்யாமலே ஒரு ஃபோல்டரில் இருந்து இயங்கும் பிரவுசர் இது. புக்மார்க், பாஸ்வேர்டு எல்லாம் அதே ஃபோல்டரில் இருக்கும். கம்ப்யூட்டரில் உள்ள புது பிரவுசரை நீக்கத் தேவையில்லை.

ஏன் பழசு தேவைப்படுது?

ஜாவா, சில்வர்லைட் போன்றவை இயங்க என்பிஏபிஐ என்ற பிளக்இன் வசதி வேண்டும். குரோம் இதை 2015-ல் கைவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 2017 மார்ச்சில் வந்த 52-வது பதிப்பில், ஃபிளாஷ் தவிர மற்றவற்றை நிறுத்தியது. நிறுவனங்களுக்கான 52 இஎஸ்ஆர் பதிப்பில் மட்டும் அந்த வசதி நீடித்தது. அதனால்தான் இன்றும் அதைத் தேடுகிறார்கள்.

சிக்கல் எங்கே?

தனி ஃபோல்டரில் இருப்பதால் பாதுகாப்பு என்று நினைப்பது தவறு. அது உங்கள் கணக்கின் அனுமதியோடுதான் இயங்குகிறது. அதன் ஓட்டைகளை இனி யாரும் அடைக்கப் போவதில்லை. அது வழியாக வைரஸ் புகுந்தால், உங்கள் மற்ற ஃபைல்களும் மாட்டிக்கொள்ளும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரோ விண்டோஸோடு பின்னிப் பிணைந்தது. அதை தனியாகப் பிரித்து 'போர்ட்டபிள்' என்று யாராவது கொடுத்தால் உஷாரா இருங்க.

என்ன செய்யலாம்?

* எக்ஸ்ப்ளோரர் கேட்கும் தளங்களுக்கு முதலில் எட்ஜ் பிரவுசரின் 'ஐஇ மோட்' வசதியை முயற்சி செய்யுங்க. குறைந்தது 2029 வரை இது இருக்கும் என மைக்ரோசாஃப்ட் கூறியுள்ளது.

* ஃபயர்ஃபாக்ஸின் பழைய பதிப்பு தேவை என்றால், மொசில்லாவின் அதிகாரப்பூர்வ தொகுப்பில் இருந்து மட்டும் எடுங்க.

* தேவையான அந்த ஒரு தளத்துக்கு மட்டும் பயன்படுத்துங்க. பேங்க், மெயில் பக்கம் போகவே கூடாது.

* டிவிஆர் போன்ற உள் நெட்வொர்க் வேலை என்றால், இன்டர்நெட்டை துண்டித்துவிட்டு திறப்பது நல்லது.

பழைய பிரவுசர் தற்காலிகத் தீர்வுதான். அந்தத் தளத்தையோ கருவியையோ புதுப்பிப்பதுதான் நிரந்தரத் தீர்வு.